வெள்ளைச் சீட்டும் ரோஸ் சீட்டும்

ஏற்காட்டுக்கு மாவட்டம் சேலம். கலெக்டர் சேலத்தில், பெரிய ஆஸ்பத்திரி சேலத்தில், மிளகும் காப்பிக்கொட்டையும் இறங்குவது சேலம் வழியாக. எம்.பி. மட்டும் கள்ளக்குறிச்சி. 2008 தொகுதி மறுவரையறையில் ரிஷிவந்தியம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, கெங்கவல்லி, ஆத்தூர் என்ற ஐந்து சமவெளித் தொகுதிகளோடு ஏற்காட்டையும் முடிந்து கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதி என்றாக்கினார்கள். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தைத் தாண்டி, ஆத்தூர், சின்னசேலம் என்று நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் நம் தொகுதியின் தலைநகரம் வரும். ஒண்டிக்கடை முக்கில் நின்று எம்.எல்.ஏ. யார் என்று கேட்டால் பட்டென்று பெயர் வரும். எம்.பி. யார் என்றால், டீ ஆறுகிற அளவுக்கு யோசனை நடக்கும்.

மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஒரே நாளில் ஓட்டு என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு இந்தக் கள்ளக்குறிச்சிதான் நினைவுக்கு வருகிறது. இப்போதே கண்ணுக்குத் தெரியாத எம்.பி., சேர்த்து நடத்தினால் என்ன ஆவார்?

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்னாள் குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் தலைமையில் 2023 செப்டம்பரில் ஒரு குழு போட்டார்கள். 2024 மார்ச்சில் 18,626 பக்கத்துக்கு அறிக்கை வந்தது. அதை வைத்து அரசியலமைப்பின் 129-ஆவது திருத்த மசோதா 2024 டிசம்பர் 17 அன்று மக்களவையில் அறிமுகமானது. அறிமுகத்துக்கு ஆதரவாக 269, எதிராக 198. அறிமுகத்துக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும். நிறைவேற மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். ஆகவே நாடாளுமன்றக் கூட்டுக்குழுவுக்குப் போனது. தமிழ்நாடு சட்டமன்றம் அதற்கு முன்பே, 2024 பிப்ரவரியில், இந்தத் திட்டம் வேண்டாம் என்று தீர்மானம் போட்டிருந்தது.

மசோதாவின் கருத்து இதுதான்: ஒரு நாளைக் குறிப்பார்கள்; அதற்குப் பிறகு தேர்ந்தெடுக்கப்படும் சட்டமன்றங்கள் எல்லாம் மக்களவை முடிகிற அன்றே முடிந்துவிடும். நடுவில் ஓர் ஆட்சி கவிழ்ந்தால் மறுபடி தேர்தல் உண்டு. ஆனால் புதிதாக வருகிறவருக்கு ஐந்து ஆண்டு கிடையாது, மிச்சம் இருக்கிற காலம் மட்டும்தான். உள்ளாட்சித் தேர்தலை நூறு நாளுக்குள் தனியே நடத்திக்கொள்ளலாம் என்பது கோவிந்த் குழுவின் யோசனை.

சேர்த்து நடத்துவது புதிய சங்கதி ஒன்றும் இல்லை. 1952, 57, 62, 67 நான்கு முறையும் நாடு முழுக்க அநேகமாக அப்படித்தான் நடந்தது. 1967-இல் பல மாநிலங்களில் காங்கிரஸ் தோற்று, வந்த கூட்டணி அரசுகள் ஓராண்டு ஈராண்டில் கவிழ, வரிசை கலைந்தது. 1970 கடைசியில் இந்திரா காந்தி மக்களவையை முன்கூட்டியே கலைத்தது மிச்சத்தையும் முடித்து வைத்தது. தமிழ்நாட்டில் மட்டும் கலைஞர் தாமாகவே சட்டமன்றத்தையும் கலைத்து 1971-இல் கூடவே போனார். பேரம் எளிமையானது. சட்டமன்றத்தில் இந்திரா காங்கிரசுக்கு ஓர் இடமும் இல்லை; மக்களவையில் தமிழ்நாட்டில் 9 இடம். தி.மு.க. 234-இல் 184-ஐ அள்ளியது. அப்புறம் 1984, 1991, 1996. அதோடு சரி. 1996-இல் பதினெட்டு நிறையாத தமிழ்நாட்டுக்காரர் எவரும் பொதுத்தேர்தலில் இரண்டு சீட்டையும் ஒரே நாளில் கையில் வாங்கியதில்லை.

நான் வாங்கியது மட்டுமில்லை, கொடுத்தும் இருக்கிறேன். தோட்டப்பயிர் சம்பந்தப்பட்ட ஓர் அரசு வேலையில் சேர்ந்த புதிது. 1991 தேர்தலுக்கு என்னை போலிங் ஆபீசராகப் போட்டு, மாரமங்கலம் பக்கம் ஒரு மலையூர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். மே மாதமே முடிந்திருக்க வேண்டிய தேர்தல். மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதால் ஜூன் 15-க்குத் தள்ளிப்போனது. மழை பிடித்துக்கொண்டது. ஜீப் நின்ற இடத்திலிருந்து பெட்டி, சாக்குப்பை, அரக்கு, மெழுகுவத்தி எல்லாம் ஊர்க்காரர்கள் தலையில் ஏறி வந்தன. பலாப்பழக் காலம், பள்ளிக்கூடத் திண்ணையில்கூட பழவாசனை.

அப்போது மெஷின் இல்லை, காகிதச் சீட்டு. மக்களவைக்கு வெள்ளை, சட்டமன்றத்துக்கு ரோஸ். ஒவ்வொரு சீட்டின் முதுகிலும் அடையாள முத்திரை குத்தி, வாக்குச்சாவடித் தலைமை அதிகாரி முழுக் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். எங்கள் அதிகாரி ஒரு தலைமையாசிரியர். நீளமான பெயர், அதைவிட நீளமான கையெழுத்து. பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வெள்ளைக் கட்டை முடித்து நிமிர்ந்தவர், ரோஸ் கட்டைப் பார்த்ததும், "இத்தனையும் மறுபடியுமா?" என்று பேனாவை வைத்துவிட்டு விரலைச் சொடுக்கு எடுத்தார். நான் ஒவ்வொன்றாக எடுத்து நீட்ட நீட்ட அவர் போட்டுக்கொண்டே வந்தார். நடு இரவுக்கு மேல் போட்டதெல்லாம் வெறும் கோடு. ஒரே நாள் தேர்தல் என்றால் பாதி வேலை என்று பேசுகிறவர்கள் அந்தக் கட்டைப் பார்த்ததில்லை.

காலையில் வரிசை. மலையாளிக் கவுண்டர்கள். கேரளத்து மலையாளிகள் இல்லை. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலைகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கும், தமிழ் பேசும் பழங்குடிகள். காஞ்சிபுரத்தில் இருந்து வந்தவர்கள் என்று அவர்களே கதை சொல்வார்கள். ஒரு பெரியவர் விரலில் மையை வாங்கிக்கொண்டு, கையில் இரண்டு சீட்டைப் பார்த்ததும் நின்றார்.

"ரெண்டுங்களா சார்? ஒண்ணு ஊட்டுல இருக்கறவளுக்குங்களா?"

"இல்லீங்க பெரியவரே. ரெண்டும் உங்களுக்கேதான். வெள்ளை டில்லிக்கு, ரோஸ் மெட்ராசுக்கு."

"டில்லிக்கு நாம எதுக்குங்க?"

ஏஜெண்டுகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கேள்வி நியாயமானது, பதில்தான் எவரிடமும் இல்லை. அன்று கூட்டணிக் கணக்குப்படி வெள்ளையில் கை, ரோஸில் இரட்டை இலை. சேலம் மக்களவைத் தொகுதியில் அப்போது ஏற்காடு இருந்தது. காங்கிரசின் ரங்கராஜன் குமாரமங்கலம் டில்லி போனார், அ.தி.மு.க.வின் சி. பெருமாள் சென்னை போனார். மாநிலம் முழுக்க 39-க்கு 39, 234-க்கு 225. ராஜீவின் சாவு வெள்ளைச் சீட்டைத் தூக்கியது. வெள்ளை ரோஸையும் தூக்கிக்கொண்டு போனது.

1996-இல் காற்று எதிர்த்திசையில் அடித்தது. அன்று மக்கள் கோபப்பட்டது அன்றைய முதலமைச்சரின் போயஸ் கார்டன் மேல், அவர் வளர்ப்பு மகன் கல்யாணத்தின் மேல். எல்லாம் ரோஸ் சீட்டின் சங்கதி. ஆனால் வெள்ளைச் சீட்டிலும் 39-க்கு 39 தி.மு.க. அணிக்கே விழுந்தது. சேலத்தில் த.மா.கா.வின் சைக்கிள் ஜெயித்தது. ஐந்து ஆண்டு டில்லியில் நரசிம்ம ராவ் அரசு என்ன செய்தது, சேலத்து எம்.பி. என்ன செய்தார் என்று எடைபோட ஆளே இல்லை. (அதே தேர்தலில் பக்கத்து ஈரோடு மாவட்டம் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் நின்று, சீட்டையே புத்தகமாக அச்சடித்தது தனிக் கதை. எங்கள் தலைமையாசிரியரை அங்கே போட்டிருக்க வேண்டும்.)

டில்லி என்னதான் செய்தது? இங்கேதான் என் வேலைப் புத்தி குறுக்கே வருகிறது. 1991-க்கும் 1996-க்கும் இடையில் இந்த மலையின் சட்டைப்பையை மாற்றியது ஒன்றே ஒன்று: காப்பி. 1942 காப்பிச் சட்டப்படி விளைந்ததை எல்லாம் காப்பி வாரியத்தின் பொதுக் கிடங்கில் கொடுத்துவிட வேண்டும். தரத்துக்குப் புள்ளி போட்டுப் பணம் தவணை தவணையாக வரும். ஒரு ஏக்கர் வைத்திருந்த மலையூர்க்காரனுக்கும் இதே விதி, நூறு ஏக்கர் எஸ்டேட்டுக்கும் இதே விதி. 1992-இல் தொடங்கிப் படிப்படியாகத் தளர்த்தி, 1996-இல் முழுவதுமாக விட்டார்கள். கொட்டையைக் காயப்போட்டவனே விலை பேசலாம் என்று ஆனது. நல்ல விலையும் பார்த்தார்கள். 2000-ஐ ஒட்டி உலகச் சந்தை விழுந்தபோது தாங்கிப் பிடிக்க எவரும் இல்லாமல் அடியும் பட்டார்கள். இது முழுக்க முழுக்க வெள்ளைச் சீட்டின் விவகாரம். காப்பி வாரியம் டில்லியின் வர்த்தக அமைச்சகத்தின் கீழே இருக்கிறது. 1996 பிரச்சாரத்தில் மலைக்கு வந்த எந்த ஒலிபெருக்கியிலும் காப்பி என்ற சொல்லை நான் கேட்கவில்லை.

பழங்குடிப் பட்டியலும் அப்படித்தான். சேலம், தர்மபுரி பக்கத்து மலையாளிகள் பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்து பர்கூர், கடம்பூர் மலைகளில் இருக்கும் அதே மக்கள் இல்லை. மாவட்டத்தின் பெயர் பட்டியலில் இல்லாததால் சாதிச் சான்றிதழுக்கு இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். ஒரு சொல்லைச் சேர்க்கவும் எடுக்கவும் நாடாளுமன்றம் சட்டம் போட வேண்டும், சென்னையால் முடியாது. 2006 வன உரிமைச் சட்டமும் டில்லியில் பிறந்ததுதான். ரோடு, பள்ளிக்கூடம், ரேஷன் கடை, பஸ் இவை ரோஸ் சீட்டு. சாதிச் சான்றிதழின் வேர், காட்டு நிலத்தின் பட்டா, காப்பி வாரியம் இவை வெள்ளைச் சீட்டு. டில்லிக்கு நாம் எதற்கு என்று கேட்ட பெரியவருக்கு இதைச் சொல்லியிருக்கலாம். ஒரே நாளில் இரண்டையும் கேட்கும்போது சொல்ல எவருக்கும் நேரம் இருப்பதில்லை.

பிரித்து நடத்தினால் மக்கள் பிரித்துப் பார்க்கிறார்களா? பார்க்கிறார்கள், அதுவும் முரட்டுத்தனமாக. 1980 ஜனவரியில் மக்களவைக்கு தி.மு.க.-இந்திரா காங்கிரஸ் அணிக்கு 39-இல் 37. அந்தத் தெம்பில் பிப்ரவரியில் எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதம் சட்டமன்றத்துக்கு ஓட்டு விழுந்தபோது எம்.ஜி.ஆர். திரும்பவும் முதலமைச்சர். 1989 ஜனவரியில் கலைஞரைக் கோட்டைக்கு அனுப்பிய அதே ஊர், நவம்பரில் மக்களவைக்கு தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூடக் கொடுக்கவில்லை. சேர்த்து நடத்தியபோதோ, 1984-இல் இந்திரா கொலை, எம்.ஜி.ஆர். நோய் என்று இரட்டை அனுதாபம்; 1991, 1996 இரண்டிலும் ஒரே அணி துடைத்தெடுத்தது.

இதற்கு எதிரான சாட்சியும் உண்டு. அதுவும் எங்கள் மலைக்குப் பின்பக்கத்தில். வடக்கே பொம்மிடி பக்கம் இறங்கினால் தர்மபுரி மாவட்டம், பாப்பிரெட்டிப்பட்டி தொகுதி. கட்சிப் பூசலில் தகுதி நீக்கப்பட்ட 18 அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்களில் அந்தத் தொகுதிக்காரரும் பக்கத்து அரூர்க்காரரும் இருந்ததால், 2019 ஏப்ரல் 18 அன்று அந்த இரண்டு தொகுதியிலும் மக்களவைத் தேர்தலும் சட்டமன்ற இடைத்தேர்தலும் ஒரே நாளில், ஒரே சாவடியில் நடந்தன. தர்மபுரி மக்களவைத் தொகுதியைத் தி.மு.க. பிடித்தது. அதற்குள்ளே இருக்கும் பாப்பிரெட்டிப்பட்டியும் அரூரும் அ.தி.மு.க.வுக்குப் போயின. மாநிலம் முழுக்க அந்த ஏப்ரல், மேயில் நடந்த 22 இடைத்தேர்தல்களில் ஒன்பதைப் பிடித்துத்தான் எடப்பாடி பழனிசாமி ஆட்சி தப்பியது. ஆக, ஆட்சியே ஊசலாடுகிறது என்று தெரிந்தால் ஜனங்கள் ஒரே நாளிலும் இரண்டு விதமாக யோசிப்பார்கள். நான் இதை மறுக்கவில்லை. ஆனால் அது மாநிலம் முழுக்க ரோஸ் சீட்டுக் காற்று அடிக்காத ஓர் அபூர்வமான நாள்.

வெளியே பார்த்தால், அதிபரை மக்களே தேர்ந்தெடுக்கும் பல நாடுகளில் அதிபருக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒரே நாளில்தான் ஓட்டு. கானாவில் டிசம்பர் 7 என்று நாளே குறித்த மாதிரி நடக்கிறது. கென்யாவில் ஒருவர் கையில் ஆறு சீட்டு. இந்தோனேசியா 2019-இல் அதிபர், நாடாளுமன்றத்தின் இரு அவைகள், மாகாண மன்றம், மாவட்ட மன்றம் என்று ஐந்து சீட்டையும் ஒரே நாளில் கொடுத்தது. எண்ணுவதும் அந்தந்தச் சாவடியிலேயே, கையால், விடிய விடிய. அந்தத் தேர்தலில் 894 தேர்தல் பணியாளர்கள் இறந்துபோனார்கள், பெரும்பாலும் அசதியில் நோய் முற்றி. இந்த எண்ணைப் படித்த அன்று எங்கள் தலைமையாசிரியரின் விரல்கள்தான் கண்ணில் நின்றன. 2025 ஜூனில் அந்த நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், 2029 முதல் தேசியத் தேர்தலையும் உள்ளூர்த் தேர்தலையும் பிரித்து நடத்தச் சொல்லிவிட்டது. நாம் சேர்க்கப் புறப்படும்போது அவர்கள் பிரிக்கிறார்கள்.

இலங்கையில் இரண்டும் வேறு வேறு நாள். 2024 செப்டம்பர் 21 அதிபர் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க 42 சதவீதத்தில் ஜெயித்தார். ஏழெட்டு வாரம் கழித்து, நவம்பர் 14 நாடாளுமன்றத் தேர்தலில் அவர் கட்சி 225-இல் 159. செப்டம்பரில் பின்தங்கிக் கிடந்த யாழ்ப்பாணத்திலேகூட ஆறில் மூன்று. கிட்டத்தட்ட ஒட்டி நடத்தினால் முதலில் ஜெயித்தவன் காற்று இரண்டாவதையும் அடித்துக்கொண்டு போகிறது. நூறு நாள் இடைவெளி என்ற மருந்து எவ்வளவு பிடிக்கும் என்பதற்கு இதுவே கணக்கு.

நமக்கு அதிபர் முறை இல்லை. குடியரசுத் தலைவரை எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனாலும் பிரதமர் வேட்பாளர் முகத்தை வைத்தே மக்களவைத் தேர்தல் நடக்கிற காலம் இது. எல்லா மாநிலத்துக்கும் ஒரே நாள் என்றால் அது பெயரில்லாத அதிபர் தேர்தல்தான். ஒருவேளை தமிழ்நாட்டில் மட்டும் அது முதலமைச்சர் தேர்தலாக மாறி, டில்லி மறந்துபோகும். இரண்டில் எது நடந்தாலும் ஒரு சீட்டு வீண்.

சேர்ப்பதற்கு ஆதரவாகவும் என்னிடம் ஒரு வலுவான சாட்சி உண்டு: நாற்று. மானிய மிளகுக் கொடி ஜூன், ஜூலை மழையில் நட வேண்டும். ஏப்ரல், மேயில் தேர்தல் நன்னடத்தை விதி வந்துவிட்டால் பயனாளிப் பட்டியல் அப்படியே நிற்கும். விதி விலகிக் கையெழுத்து நகர்வதற்குள் மழை பாதி போயிருக்கும். ஐந்தாண்டில் இரண்டு முறை இந்தக் கூத்து. இதை ஒருமுறையாகக் குறைத்தால் நல்லதுதான். ஆனால் செலவு மிச்சம் என்கிற வாதம் எனக்கு ஏறவில்லை. சேர்த்து நடத்துவதற்கான மெஷின்களுக்கு மட்டும் பதினைந்து ஆண்டுக்கு ஒருமுறை சுமார் 10,000 கோடி ரூபாய் வேண்டும் என்று தேர்தல் ஆணையமே கணக்குக் கொடுத்திருக்கிறது.

மலைக்கு உண்மையில் தேர்தல் என்ன செய்யும் என்பதை 2013-இல் பார்த்தோம். 1991-இல் ஜெயித்த அதே பெருமாள் 2011-இல் மறுபடி வந்து, 2013 ஜூலையில் காலமானார். டிசம்பர் 4 இடைத்தேர்தல். காப்பிப் பழம் பறிக்கும் உச்சக் காலம். ஓட்டு நாளில் தோட்டங்களுக்குச் சம்பளத்தோடு லீவு விட வேண்டும் என்பது சட்டம். மாநிலத்திலேயே அன்று வேறு எங்கும் தேர்தல் இல்லை. விளைவு, அமைச்சர்கள் படை படையாக வாழப்பாடிக்கும் ஏற்காட்டுக்கும் நடுவே முகாம் போட்டார்கள். சிவப்பு விளக்குக் கார் பார்க்காத மலையூர் இல்லை. நோட்டா பொத்தான் தமிழ்நாட்டில் முதன்முதலாக வைக்கப்பட்டதும் இந்தத் தேர்தலில்தான். 4,400 பேருக்கு மேல் அதை அழுத்தினார்கள். பெருமாளின் மனைவி பி. சரோஜா 78,116 ஓட்டு வித்தியாசத்தில் தி.மு.க.வின் மாறனை வென்றார். ஆளுங்கட்சி, இடைத்தேர்தல், பணம் என்று என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், எனக்கு மறுப்பில்லை. எங்கள் ஊருக்குத் தெருவிளக்குக் கேட்டு எழுதிய மனுவை ஓர் அமைச்சர் நின்று படித்தது அந்த ஒரு முறைதான். கைகாட்டிவிட்டுப் போகிற காருக்கும், இறங்கி மனு வாங்குகிற காருக்கும் உள்ள வித்தியாசம் மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இப்போது தமிழ்நாட்டில் இருக்கும் வரிசையையே பாருங்கள்: 2019 டில்லி, 2021 சென்னை, 2024 டில்லி, 2026 சென்னை. யாரும் உட்கார்ந்து திட்டமிட்டதல்ல. 1996-க்குப் பிறகு டில்லியில் அரசுகள் அடுத்தடுத்துக் கவிழ்ந்ததால் தானாக அமைந்தது. இரண்டு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை யாரோ ஒருவர் வளைவு ஏறி வந்து கும்பிட வேண்டியிருக்கிறது. ஒருமுறை டில்லிக் கணக்கு, ஒருமுறை சென்னைக் கணக்கு. இதைவிட நல்ல ஏற்பாட்டைக் குழு போட்டு எழுதியிருந்தாலும் எழுதியிருக்க முடியாது.

மசோதா சட்டமாகி, 2029 மக்களவை கூடுகிற நாளைக் குறித்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். 2031-இல் நாம் தேர்ந்தெடுக்கிற சட்டமன்றம் 2034-இல் மக்களவையோடு சேர்ந்து முடிந்தாக வேண்டும். அந்த வேட்பாளர் நாகலூரிலும் செம்மநத்தத்திலும் வந்து நின்று, மூன்று வருஷத்துக்கு ஓட்டுப் போடுங்கள் என்று கேட்பார். ரோட்டுக்கு எஸ்டிமேட் போட்டு டெண்டர் விடவே அவருக்கு இரண்டு வருஷம் ஆகும்.